மாமியார் வீட்டு மூட்டைப்பூச்சி

அரபு நாட்டில் நான் பார்த்த வேலை ஏசி மெக்கானிக் வேலை. ஆனால் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதுவல்ல. மூட்டைப்பூச்சியை ஒழிப்பதில் எனக்கு நிகராக அந்தக் கட்டிடத்தில் ஒருவரும் கிடையாது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். அடுக்குக் கட்டிலில் மேலும் கீழுமாக ஆட்கள் படுக்கிற அறைகள் அவை. கம்பெனிக்காரர்கள் மருந்தடித்தால் பூச்சி பக்கத்து அறைக்குப் போய்விட்டு, வாசம் அடங்கியதும் விருந்துக்குப் போனவன் மாதிரித் திரும்பி வரும். வெந்நீரையும் வெயிலையும் பொறுமையையும் மட்டும் வைத்து எங்கள் அறையைச் சுத்தமாக்கிக் காட்டியவன் நான். மலையாளிகளும் வங்காளிகளும் என்னைத் தேடிவந்து வழி கேட்டுப் போனார்கள்.

அப்படிப்பட்ட என்னை, லீவில் வந்த இடத்தில், மாமியார் வீட்டில், மூட்டைப்பூச்சி கடித்தது.

எங்கள் கீழக்கரையில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் ஆண் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே அவனுக்கென்று ஓர் அறை இருக்கும். வீட்டிலேயே நல்ல அறை அதுதான். அந்த அறையில் அவன் ராஜா. ராஜாவுக்கு உண்டான தொல்லைகளும் உண்டு. நானாக ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு குடித்தால்கூட, அந்த வீட்டில் யாரோ கவனிக்கத் தவறிவிட்டார்கள் என்று அர்த்தமாகிவிடும். நாற்காலியை நகர்த்தினால் இரண்டு குரல் கேட்கும், ஏன் மாப்பிள்ளை நகர்த்துகிறார் என்று.

மாமி என் முன்னால் வருவதில்லை. எங்கள் இஸ்லாம் மார்க்கத்தில் அப்படி ஒரு தடையும் கிடையாது. ஊர் வழக்கம், அவ்வளவுதான். அடுப்படிக்கும் நடைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை தொங்கும். அதற்குப் பின்னால் நின்று சுவரைப் பார்த்துப் பேசுவார். "மாப்பிள்ளைக்கு மீன் போதுமான்னு கேளுங்க" என்பார். அங்கே கேட்பதற்கு வேறு ஆள் இருக்காது. நானும் சுவரைப் பார்த்து, போதும் என்பேன். மாமனார் மௌத்தாகி வெகுகாலம் ஆகிவிட்டதால் வீட்டில் மாமியும் என் மனைவியும் மட்டும்தான். கல்யாணமாகி இத்தனை நாளில் மாமியின் முகத்தை நான் நேராகப் பார்த்தது கொஞ்சம்தான்.

அந்தத் தடவை நான் வந்தது மனைவியின் தலைப்பிரசவத்துக்காக. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவு. வந்த சில நாளிலேயே என் முதுகில் வரிசையாகத் தடிப்புகள். வரிசையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கொசு கடித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடிக்கும். இது மட்டும்தான் வரப்பில் நடந்தமாதிரி கோடு போட்டுக் கடிக்கும். ஆனால் வாயைத் திறக்க முடியுமா? பெண் வீட்டில் வந்து படுக்கையில் பூச்சி என்று மாப்பிள்ளை சொன்னால், அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. தெருவில் கல்யாணம் என்றால் விருந்தாளிகளுக்காக எல்லா வீட்டிலிருந்தும் மெத்தையும் தலையணையும் இரவல் போகும். அப்படிப் போய்த் திரும்பியதில்தான் வந்திருக்கும் என்று எனக்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு சொறிந்தேன்.

என் சொறிதலும் யாருடைய கண்ணிலோ பட்டிருக்கிறது. மறுநாள் கட்டிலின்மேல் ஒரு கொசுவலை தொங்கியது. ஓரம் முழுக்கப் பாசிமணி கோத்து, மாமியே தைத்தது. கொசு வெளியே நின்றது. மூட்டைப்பூச்சி என்னோடு உள்ளே படுத்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். நான் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் மெத்தையின் கோடுகள் மாறியிருந்தன. ஒருநாள் நீலக் கோடு, ஒருநாள் சிவப்பு. என்ன உபசாரம் என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டேன்.

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து மகள் பிறந்தாள். அவளுடைய வலது காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. அழுதேன் என்று சொல்ல எனக்கென்ன வெட்கம்? அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் நர்ஸ் என் மனைவியின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கொசு இல்லம்மா. வீட்டுல மூட்டைப்பூச்சியா? பச்சப் பிள்ளயக் கொண்டுபோயி அதுல போட்டுறாதீங்க" என்றார்.

துணைக்கு வந்திருந்த சாச்சி, அதாவது மாமியின் தங்கை, அப்போதே முடிவு சொல்லிவிட்டார். அவர் வீடு ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. "தாயும் பிள்ளையும் இங்கனயே எங்க வீட்டுல இருக்கட்டும். நாப்பது நாளு முடிஞ்சு ஊருக்கு வரட்டும்."

யாருக்கும் அதில் குறை தெரியவில்லை. நான் மட்டும் மனதுக்குள் நாளை எண்ணினேன். நாற்பது முடிவதற்குள் என் லீவு முடிந்துவிடும். சாச்சி வீட்டில் எனக்கு அறை கிடையாது. நான் அங்கே போனால் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, டீயும் முறுக்கும் சாப்பிட்டு, துணியில் சுற்றிய பிள்ளையைக் கொஞ்சநேரம் வாங்கிப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும். என் மகள் பக்கத்தில் ஒரு ராத்திரிகூடப் படுக்காமல் விமானம் ஏற வேண்டும். அடுத்த லீவில் வரும்போது அவள் என்னைப் பார்த்து அலறுவாள். ஊரில் எத்தனையோ பிள்ளைகள் அப்படி அலறிப் பார்த்திருக்கிறேன்.

சாச்சி வெளியே போனதும் மனைவியிடம் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கோபப்படக் கூடாது மச்சான். உங்களக் கடிக்குதுன்னு உம்மாவுக்கு அப்பவே தெரியும். உங்க பெட்டியில வந்துருக்கும்னு நெனச்சாங்க. மாப்பிள்ளைகிட்ட அத எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டாங்க. நீங்க குளிக்கப் போற நேரம் பாத்து, அந்த மெத்தைய எடுத்துட்டு அவுங்க ரூம்பு மெத்தையக் கொண்டாந்து போடுவாங்க."

"அப்ப நான் படுத்த மெத்தையில யாரு படுக்குறா?"

"உம்மாதான்."

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. என் பெட்டியை நான் வெயிலில் வேகவைத்து எடுத்துவந்தவன். அதைப் போய்ச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நானோ அவர்கள் மெத்தையைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். எது உண்மை என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். நான் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருக்க, அவர் மரியாதைக்காக மெத்தையை மாற்றிக்கொண்டிருக்க, ஓர் அறையில் இருந்த பூச்சியை நாங்கள் இருவருமாகச் சேர்ந்து வீடு முழுக்கக் குடிவைத்துவிட்டோம். ஆனால் அந்த மெத்தையில் மாமி படுத்தார் என்ற இடத்தில் என் கோபம் நின்றுவிட்டது.

"டிஸ்சார்ஜ் பண்றதுக்குள்ள வீட்டச் சுத்தம் பண்ணிருவேன். பிள்ள நம்ம ரூம்புக்குத்தான் வரும்" என்றேன்.

"ஆள வச்சா?"

"நானே."

அவள் முகத்தில் பயம் தெரிந்தது. மருமகன் வீட்டு வேலை செய்தான் என்றால் ஊர் என்ன சொல்லும் என்கிற பயம். நான் சட்டை செய்யவில்லை.

ஊருக்கு வந்து, கைலியை மடித்துக் கட்டி, பனியனோடு திரைச்சீலை முன்னால் போய் நின்றேன். "மாமி, கல்யாண அண்டாவ அடுப்புல ஏத்தி வெந்நி போடணும்."

உள்ளே எதுவோ கீழே விழுந்த சத்தம். பிறகு சுவரிடம் சொன்ன குரல்: "மாப்பிள்ளை ஒண்ணுலயும் கை வைக்க வேணாம். ஆள் வரச் சொல்றேன்."

"வார ஆளுக்கு இந்த வித்தை தெரியாது மாமி. எனக்குத் தெரியும்."

நான் கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தேன். தேக்குக் கட்டிலின் ஒவ்வொரு பொருத்திலும் கெட்டில் மூக்கை வைத்துக் கொதிக்கும் தண்ணீரை விட்டேன். உள்ளிருந்து பூச்சிகள் வெளியே வந்து விழுந்த அழகை இப்போது நினைத்தாலும் எனக்குத் தெம்பு வரும். சுவர் விரிசல்களை வெள்ளைச் சிமென்ட்டால் அடைத்தேன். துணிமணி எல்லாம் அண்டாவில் வெந்தன. மெத்தைகளைத் தலையில் சுமந்து மொட்டை மாடிக்கு ஏற்றி, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று பிடுங்காமல் இருக்கச் சுற்றிலும் கல் வைத்தேன். தண்ணீர் இறைக்க மட்டும் மாமி என்னை விடவில்லை. நான் மாடியில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கிணற்றில் இறைத்து அண்டாவை நிரப்பிவைத்துவிடுவார்.

தமிழ்நாடு முழுக்க உத்தியோகஸ்தர்களைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டுகிறார்களே, அந்தக் காடு எங்கள் மாவட்டம்தான். இந்த வெயிலைத் திட்டாத வாய் இங்கே கிடையாது. அன்றைக்கு நான் ஒருவன் மட்டும் அதைக் கொண்டாடினேன். தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டால் உள்ளங்கை சுட்டது. அரபு நாட்டு வெயிலுக்கு எங்கள் ஊர் வெயில் ஒன்றும் சளைத்ததில்லை.

பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டார். "என்ன மாப்பிள்ளை, இது என்ன கோலம்? வீட்டுல ஆளு இல்லயா?"

கீழே திரைச்சீலைக்குப் பின்னால் மாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். எதற்குச் சொல்ல வேண்டும்?

"மூட்டைப்பூச்சி, மாமா! எம் மக வீட்டுக்கு வாரா. அதுக்குள்ள ஒழிச்சுட்டுத்தான் எறங்குவேன்!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மாமியின் மானத்தை வாங்கிவிட்டேனோ என்று சொல்லிமுடித்த பிறகுதான் உறைத்தது. ஆனால் நடந்தது வேறு. பொழுது சாய்வதற்குள் கொல்லைக் கதவு வழியாக ஒவ்வொரு பெண்ணாக வந்து மாமியிடம் குசுகுசுக்கத் தொடங்கினார்கள். உங்க மாப்பிள்ளை என்ன மருந்து போடுறாங்க? வெந்நி மட்டுந்தானா? எங்க வீட்டுலயும் அந்தக் கருமம் இருக்கே! தெருவில் பாதி வீடு ரகசியமாகச் சொறிந்துகொண்டிருந்திருக்கிறது. மாமியின் பதில் மாடிவரை கேட்டது. "அவுங்க இதுல பெரிய கெட்டிக்காரவுங்க. அரபு நாட்டுலயே வந்து கேட்டுப் போவாங்களாம்."

என் மனைவி எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். மாடியில் நின்று தனியாகச் சிரித்தேன்.

கட்டிலைத் திரும்பப் பூட்டி, நான்கு காலுக்கும் அடியில் எண்ணெய் ஊற்றிய டப்பா வைத்தேன். வெள்ளை வேட்டியை விரித்து நானே அதில் படுத்தேன். கேம்ப்பிலும் கடைசிப் பரீட்சை அதுதான். சுத்தம் செய்தவனே இரையாகப் படுக்க வேண்டும். விடிந்து பார்த்தால் தோளில் வரிசையாகத் தடிப்பு.

மறுநாள் டிஸ்சார்ஜ். சாச்சி வீட்டில் தொட்டில்கூடக் கட்டிவிட்டார்களாம். கட்டிலைத் தட்டினேன், சுவரைத் தடவினேன், ஒன்றும் இல்லை. மல்லாந்து படுத்து யோசித்தபோது தலைக்கு மேலே பார்த்தேன். கொசுவலை. மாமி தைத்தது என்பதால் அதை மட்டும் வேகவைக்க மனம் வராமல் உதறித் திரும்ப மாட்டியிருந்தேன். ஓர மடிப்பை விரித்தேன். பாசிமணிகளுக்கு நடுவே இன்னொரு வரிசை உட்கார்ந்திருந்தது.

சொன்னால் மாமியின் மனசு நோகும். சொல்லாமல் இருந்தால் என் மகளை அது கடிக்கும். நடைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துச் சொன்னேன். "மாமி, வலையில இருக்கு."

திரைச்சீலை விலகியது. மாமி வெளியே வந்தார். என்னைத் தாண்டி அறைக்குள் போய், வலையைக் கொக்கியிலிருந்து உருவி, பந்தாகச் சுருட்டி, கொதிக்கிற அண்டாவுக்குள் தள்ளிக் கம்பால் அமுக்கினார். மணிகள் எல்லாம் வெந்நீரில் உதிர்ந்து சுழன்றன. அவர் கை முழங்கைவரை தெரிந்தது. என் முதுகில் இருந்ததைவிட அதிகமான தழும்புகள் அந்தக் கையில் இருந்தன. இத்தனை நாளும் எனக்குச் சேர வேண்டிய கடியை அவர் வாங்கியிருக்கிறார். அவர் மறுபடி உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்திரி திரும்பப் படுத்தேன். வெள்ளை வேட்டி வெள்ளையாகவே விடிந்தது. சாச்சிக்குப் போன் செய்து, தொட்டிலை அவிழ்த்துவிடச் சொன்னேன்.

மகள் வீட்டுக்கு வந்து எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் படுத்தாள். அந்த ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. பூச்சி எதுவும் கடிக்கவில்லை, தூங்கி நேரத்தை வீணாக்க மனம் வரவில்லை. விடிந்ததும் மாமி அறைக்குள்ளேயே வந்துவிட்டார். நான் எழுந்து ஒதுங்கக்கூட அவகாசம் தரவில்லை. பிள்ளையின் துணியை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார். கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்னால், அக்குள், பாதம், விரல் இடுக்கு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு சிவப்புப் புள்ளி இல்லை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை, சும்மா உக்காந்துட்டு இருக்கீங்களே. கெணத்துல ரெண்டு வாளி தண்ணி எறச்சுக் கொண்டாங்க. உங்க மகளக் குளிப்பாட்டணும்."

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன்.