சுண்ணாம்பு மண்ணில் கால்சியம் விற்றவர்

அரியலூரில் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான். அங்கேயே விவசாயிகளைக் கூட்டிவைத்துக் கால்சியம் டானிக் விற்றார் ஒரு மருந்துக் கம்பெனி ஆள்.

“இதை அடிச்சா மிளகாய்ச் செடிக்கு நோயே வராதுங்க.”

மிளகாய் போட்டிருந்த தம்பியோடு அங்கே போயிருந்தேன். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். “பூஞ்சை தொட்டதும் செல்லுக்குள்ளே கால்சியம் பாயும். அது வெறும் எச்சரிக்கை மணி. அதுக்கப்புறம் இலையே ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கிப் பூஞ்சையை எதிர்க்கும். மேலே தெளிச்சா மட்டும் மணி அடிச்சிடாது சார்.”

“இலைக்குக் காது இருக்குங்களா மேடம்?” என்று பல்லிளித்தார். கூட்டம் சிரித்தது. என் தம்பியும் ஒரு பாட்டில் வாங்கினான்.

மழைக்குப் பின் அவன் வயல் முழுக்க இலைப்புள்ளி நோய். அந்த ஆளுக்குப் போன் போட்டேன்.

“டோஸ் பத்தலைங்க மேடம்” என்றார், கூச்சமே இல்லாமல்.

காறித் துப்பத் தோன்றியது. போனை வைத்துவிட்டேன்.