கைப்பிரேக்குக்கு ஒரு கட்டை

எப்.சி. காட்டுவது என்றால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். வண்டி ரோட்டில் ஓட லாயக்கானதுதான் என்று வருஷம் ஒரு தடவை சர்க்காரிடம் காகிதம் வாங்கியாக வேண்டும். அறுபதுகளில் நான் வைத்திருந்தது யுத்த காலத்து வேன். யார் யாரோ ஓட்டித் தேய்த்துப்போட்டு, கடைசியில் என் தலையில் வந்து விழுந்தது. ஒரு வருஷம் ஹார்ன் அடிக்காது. மறு வருஷம் விளக்கு எரியாது. இரண்டையும் சரி பண்ணிக்கொண்டு போனால் ஸ்டீயரிங் ஆடுகிறது என்பார்கள். சை, இதுவும் ஒரு பிழைப்பா என்று ஆகிவிடும்.

கைப்பிரேக் மட்டும் எந்த வருஷமும் மாட்டியதில்லை. அது நன்றாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். திண்டுக்கல்லில் சமதரையில் காட்டுவோம். அங்கே பிரேக்கே இல்லாவிட்டாலும் வண்டி நிற்கும். கொடைக்கானலில் சமதரைக்கு எங்கே போவது? என் வீட்டு வாசலே சரிவுதான்.

அதற்குத்தான் கட்டை. கிளீனர் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது, அதனால் என் வீட்டுக்காரியே கிளீனர். வண்டி நின்றதும் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து குதித்து, தைலமரக் கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, "வச்சாச்சுங்க!" என்று ஒரு சத்தம் போடுவாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் கீழே இறங்குவேன். லோடு ஏற்றுகிறவர்கள் "கிளீனரம்மா, கிளீனரம்மா" என்று கேலி பேசுவார்கள். அவளா சளைப்பாள்? "கிளீனர் என்னங்கடா, இந்த வண்டிக்குப் பிரேக்கே நாந்தேன்" என்பாள்.

ஒரு வருஷம், எப்.சி. கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டரே மாதம் ஒரு நாள் மலைக்கு வந்து வண்டிகளைப் பார்ப்பார் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. மலையில் பார்த்தால் சரிவில்தான் நிறுத்தச் சொல்வார். அதோடு அது பூண்டு இறங்குகிற நேரம். மேல்மலைக் கிராமங்களிலிருந்து குதிரைகள் பொதியைச் சுமந்து ரோட்டுக்கு வரும். அங்கிருந்து வத்தலக்குண்டு வரை என் வேன். அந்த லோடுதான் எங்களுக்கு வருஷத்துக் கஞ்சி. காகிதம் இல்லையென்றால் பொதி வேறு லாரிக்குப் போகும். பழைய காகிதத்துக்கும் இன்ஸ்பெக்டர் வருகிற நாள்தான் கடைசி நாள்.

ஆகவே இந்தத் தடவை நாணயமாகவே செய்தேன். மலையிறங்கிப் போய்ப் புது லைனிங், புது கேபிள் எல்லாம் போட்டேன். வீட்டுச் சரிவில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தால் ஆணி அடித்த மாதிரி நின்றது.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்கு முன்னால் பஸ்ஸும் லாரியுமாகப் பெரிய வரிசை. என் முறை வந்தபோது அவருக்கே அலுத்துப்போயிருந்தது. ஹார்ன், விளக்கு, ஸ்டீயரிங் எல்லாம் பார்த்துவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"ஏத்தத்துல பாதியில நிறுத்துங்க. கைப்பிரேக்கை இழுத்துட்டுக் காலை எடுங்க."

நிறுத்தினேன், இழுத்தேன், காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார். என் நெஞ்சு அப்பாடா என்றது.

"வச்சாச்சுங்க!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

அவள் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. வழக்கம்போலப் பின்னால் உட்கார்ந்து வந்தவளுக்கு முன்னால் பேசியது எப்படிக் கேட்கும்? வண்டி சரிவில் நின்றது, குதித்தாள், வைத்தாள். ஆனால் இன்ஸ்பெக்டர் இறங்கிப் போய்ச் சக்கரத்தடியில் கட்டையைப் பார்த்ததும் முகம் சிவந்துபோயிற்று.

"யோவ், பொம்பளையைப் பின்னால ஒளிச்சு வச்சுக் கட்டை போடுறியா? என்னை என்ன கேணப்பயன்னு நெனச்சியா?"

"அய்யா, கட்டைய எடுத்துட்டுப் பாருங்கய்யா! பிரேக்கு புதுசுங்க!"

"அடுத்த மாசம் பாப்போம். அதுவரைக்கும் இந்த வண்டிச் சக்கரம் உருளக் கூடாது."

அடுத்த லாரியில் ஏறிப் போய்விட்டார். நான் கட்டையைப் பிடுங்கி வண்டிக்குள் வீசினேன். வேன் அந்த ஏற்றத்தில் இம்மி நகராமல் நின்றது. பார்க்க வேண்டியவர்தான் இல்லை.

"ஒன் வாயி சும்மா கெடக்காதா புள்ள?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். "இனிமே அந்தக் கட்டையத் தொட்டா ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

வீம்புக்கு வேனை அங்கேயே விட்டேன், கைப்பிரேக்கை இழுத்தபடி, கட்டை இல்லாமல். ஊரே பார்க்கட்டும் என்று. அந்த மாதம் பூராவும் மழையும் மூடுபனியும். பூண்டுப் பொதிகள் வேறு லாரியில் இறங்கிப் போவதை ரோட்டோரம் நின்று பார்த்தேன். குதிரைக்காரர்கள் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். வீட்டிலோ பேச்சே கிடையாது. தட்டில் சோறு வரும், குரல் வராது.

மறு மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். நின்ற இடத்திலேயே நிற்கிற வேனைப் பார்த்து, "சரி, எடுங்க" என்றார். கைப்பிரேக்கை விட்டு, கியரைப் போட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டி உறுமியது, நகரவில்லை. ஒரு மாத மழையில் பிரேக் லைனிங் சக்கரத்து டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் பிடிக்காத பிரேக், பிடித்த பிறகு விடமாட்டேன் என்கிறது! சிரிக்கவா, அழவா?

வண்டியை நியூட்ரலில் விட்டு இறங்கிச் சுத்தியலால் டிரம்மைத் தட்டினேன். ஒரு சக்கரம் விட்டது. அடுத்ததையும் தட்டினேன். டொக்கென்று அதுவும் விட்டதும் வேன் பின்னோக்கி உருள ஆரம்பித்தது. பின்னால் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் அலறினார்.

"கட்டையப் போடும்மா! கட்டை!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் கட்டை சக்கரத்தடியில் இருந்தது. எங்கிருந்து வந்தாள், எப்போது எடுத்தாள், தெரியாது. சத்தம் மட்டும் கொடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனாள்.

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்தார். கைப்பிரேக்கை அவரே இழுத்தார், கட்டையை அவரே எடுத்தார். வேன் நின்றது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "கட்டை வண்டியிலேயே இருக்கட்டும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

காகிதம் கைக்கு வந்துவிட்டது. பூண்டுதான் முடிந்துவிட்டது. அந்த வருஷம் எப்படி ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெம்பில்லை.

வெறும் வண்டியாக வீட்டுக்குத் திரும்பினோம். வாசல் சரிவில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தேன். அவள் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது.

"எறங்கலையா?" என்றாள். ஒரு மாதம் கழித்துக் கேட்ட முதல் குரல்.

"நீ எறங்கலையே."

"அதான் புதுப் பிரேக்காச்சே. நிக்கும்ல? காலை எடுங்க."

எடுக்கத்தான் பார்த்தேன். பிரேக் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனாலும் கால் வரவில்லை. முழங்கால் வலிக்க வலிக்கக் கால்பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

பின்னால் கதவு திறந்தது. சேற்றில் குதிக்கிற சத்தம். கட்டை கல்லில் உரசுகிற சத்தம்.

"வச்சாச்சுங்க" என்றாள்.

காலை எடுத்தேன்.