சல்லடைக்கு நீலம் வேண்டாம் என்றவர்

1. பிஸ்டன் மூளை

ஓசூரைச் சுற்றியுள்ள கருங்கல்லை மலை மலையாக உடைத்தாலும் ஒரு கடல் உயிரின் ஓடு கிடைக்காது. அந்த ஊர்த் தொழிற்பேட்டையில்தான் நான் கடல் ஓடுகளைப் பார்த்து ஆறு வருடம் சம்பளம் வாங்கினேன். வாகன உதிரிபாகங்களைச் சோதிக்கும் ஒரு லேப், டெல்டாப் பக்கத்து எண்ணெய்க் கிணறுகளின் பாறை மாதிரிகளுக்கும் கான்ட்ராக்ட் எடுத்திருந்தது.

முதல் நாளே குவாலிட்டி மேனேஜர் கேட்டார்: "சார், ஒரு ஃபாசிலுக்கு எத்தனை நிமிஷம் சைக்கிள் டைம் வெச்சுக்கலாம்?" பிஸ்டன் கம்பெனியிலிருந்து வந்தவர். அவருக்கு உலகமே பிஸ்டன்.

ஃபோராமினிஃபெரா என்பது கடலில் வாழும் ஒருசெல் உயிர். பெரும்பாலும் மணல் பருமன்தான் ஓடு. ஒவ்வொரு இனமும் ஒரு காலத்தில் தோன்றி, ஒரு காலத்தில் அற்றுப்போனது. அதனால் ஓட்டைப் பார்த்துப் பாறையின் வயதைச் சொல்லலாம். இந்தக் கிணற்றின் எந்தப் படிவு அந்தக் கிணற்றின் எந்தப் படிவோடு சேரும் என்றும் சொல்லலாம். மூன்று முறை விளக்கினேன். "ஓ, பார்ட் நம்பர் மாதிரி" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

2. ஆடிட்

பாறையை ஊறவைத்துச் சல்லடையில் கழுவுவது பக்கத்து ஊரான பேரிகையிலிருந்து வரும் ரத்னம்மாவின் வேலை. அந்த லேபில் வேலை தெரிந்து செய்தவர் அவர் ஒருவர்தான்; என்னையும் சேர்த்தே சொல்கிறேன். ஒவ்வொரு மாதிரி முடிந்ததும் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்குவார். கண்ணியில் சிக்கிய ஓடுகள் நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீல ஓடு தென்பட்டால் அது பழைய மிச்சம், கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆடிட்டுக்கு முந்தின நாள் மேனேஜர் நீலமான தொட்டியையும் ரத்னம்மாவின் கைகளையும் பார்த்துக் கத்தினார்: "இது லேபா, சாயப்பட்டறையா? ஆடிட்டர் பாத்தா மானம் போயிடும். நல்லா கழுவுனா பத்தாதா?"

நீலத்தை நீக்கித் திருத்திய எஸ்.ஓ.பி., அதாவது செய்முறை விதித்தாள், என் மேஜைக்கு வந்தது. தப்பு என்று எனக்குத் தெரியும். அந்த ஆளோடு மல்லுக்கட்ட அலுப்பாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஆடிட்டர் வந்தார், தொட்டியின் பளபளப்பைப் பாராட்டினார், போனார்.

3. வரக் கூடாத ஓடு

இரண்டு வாரம் கழித்து, டைனோசர் காலத்துப் பாறைக் கோர் ஒன்றில், அதற்குப் பல லட்சம் ஆண்டுகள் பிந்திய ஓடுகள் வந்தன. பழைய ஓடு அரித்து வந்து புதிய படிவில் கலப்பது உண்டு. புதியது பழைய படிவுக்குள் தானாகப் போகாது. தூளாக வரும் மாதிரியென்றால் கிணற்றின் மேல்பகுதி சரிந்து கலந்தது எனலாம். இது முழுத் துண்டாக அறுத்தெடுத்த கோர். ஆக, கலந்தது எங்கள் லேபில்தான்.

மேனேஜருக்கு மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை. ரத்னம்மா மாதிரிப் பைகளை மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டி, அன்று மாலையே வேலையை விட்டு நிறுத்த லெட்டர் அடித்துவிட்டார்.

"நான் மாத்தல சார். பை நம்பர் பாக்காம ஒரு தடவகூட கொட்டுனதில்ல" என்றார் ரத்னம்மா என்னிடம்.

அதே கோரின் உள்பக்கத்தை உடைத்துப் புதுச் சல்லடையில் கழுவினேன். பழைய ஓடுகள் மட்டுமே இருந்தன. பிறகு ரத்னம்மா பயன்படுத்திய சல்லடையை நீலத்தில் முக்கி, பின்பக்கமாகப் பிரஷ் போட்டு உதிர்த்தேன். உதிர்ந்ததில் அந்தப் பிந்திய இனம், நீல நிறத்தில். மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அழகா இருக்கு சார்" என்றார் அந்த மேதை. "ஆனா ரூட் காஸ் ரிப்போர்ட்ல மனிதத் தவறுன்னு போட்டுட்டேனே."

"அது சரிதான். ஆளோட பேரை மட்டும் மாத்துங்க. நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு."

"எஸ்.ஓ.பி.யில உங்க கையெழுத்துதான இருக்கு?"

இருந்தது. அதையே இணைத்து, தவறு என்னுடையது என்று கிளையண்டுக்கு எழுதினேன். அந்த இரண்டு வாரத்து மாதிரிகள் எல்லாவற்றையும் மறுபடி கழுவினோம். நீலம் திரும்பி வந்தது. ரத்னம்மாவின் லெட்டர் கிழிபட்டது.

அவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், வெட்கமில்லாமல். அவர் சல்லடையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"நீலத்தை நிறுத்தச் சொன்னாரே, அன்னிக்கே இது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமில்ல சார்?"

"தெரியும்" என்றேன்.

"எனக்கும் தெரியும். நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க சொல்லியிருக்கலாம்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, ஓடுகளின் பெயர்களைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். மேனேஜர்கள் முட்டாள்களாக இருப்பது சகஜம். அதைக் கண்டு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறவன்தான் அயோக்கியன். நான் போட்டேன்.