சிக்னல்காரரின் வலது கை

இனிய நினைவுகளாம்! தையலக்கா அந்த அழைப்பிதழைத் துணி வெட்டும் மேசைமேல் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்கக் கத்தரிக்கோலை எடுத்து அதன் தலையில் வைத்தாள். 'பழைய துறைமுகம்: இனிய நினைவுகள்' என்று பொன்னிற எழுத்தில் போட்டிருந்தார்கள். நாலாம் எண் துறையை மூடி, கிடங்குக்கு வெள்ளையடித்து, கிரேனுக்கு மஞ்சள் பூசி, இப்போது ஊர் ஜனங்கள் வந்து உலாவும் இடமாக ஆக்கிவிட்டார்கள். திறப்பு விழாவில் பழைய தொழிலாளர் குடும்பத்திலிருந்து யாராவது ஐந்து நிமிடம் பேசினால் நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

அழைப்பிதழோடு வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. துறைமுக அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவள். தையல் கடையில் உட்கார இடம் இல்லாததால், துணி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"உங்க அப்பா இங்கதான் வேலை பாத்தாராமே அக்கா. லைன் வீடு, கப்பல் சங்குச் சத்தம், நீங்க விளையாடினது, அந்த மாதிரி சொன்னா போதும். கேக்கிறவங்களுக்கு மனசு இளகணும்."

"இளகணுமா? சரி, இளக வெச்சிடலாம்," என்றாள் தையலக்கா.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அழைப்பிதழின் கடைசி வரி கண்ணில் பட்டுவிட்டது. நாற்பது ஆண்டுகள் கிரேன் ஓட்டிய மூத்த தொழிலாளிக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்கிறார்களாம். பெயரைப் படிக்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. அது கிரேன் பெரியப்பா. பக்கத்து வீட்டுக்காரர். அவளைத் தோளில் தூக்கி வைத்துக் கப்பல் காட்டிய மனிதர். அவள் அப்பாவின் வாழ்க்கையை ஒரே ஒரு கையெழுத்தில் கவிழ்த்தவரும் அவர்தான்.

நாற்பத்தேழு வருடமாகிறது. அடுப்பில் தணல் அணைந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அணையவே இல்லை.

லைன் வீடு என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது? வரிசையாக இருபத்துநான்கு வீடு. ஒவ்வொன்றும் ஒரே அறை. அதிலேயே அடுப்பு மூலை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் துறை. சிமெண்டுக் கப்பல் வந்தால் கொடியில் காயும் துணி சாம்பல் நிறம். கந்தகக் கப்பல் வந்தால் மஞ்சள். நிலக்கரி வந்தால் கேட்கவே வேண்டாம். அம்மா துணியை உதறும்போதே, "இன்னிக்கு மஞ்சள். உங்கப்பா கண்ணைக் கசக்கிக்கிட்டுதான் வருவார்," என்பாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளின் காது மடலைப் பார்த்தே எந்தத் துறையில் சரக்கு இறங்குகிறது என்று சொல்லிவிடுவார். எல்லோரும் இருமினார்கள். இருமிக்கொண்டே சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக அவள் இன்றைக்கும் ஏங்கத்தான் செய்கிறாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அழகாக வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு குழந்தைப் பருவத்தை அலுவலகத்தில் நாற்காலி தேய்த்தவர்கள் பாழாக்கிவிட்டு, இப்போது அதையே கொஞ்சம் தொட்டுக்கொள்ளக் கேட்கிறார்கள்.

அப்பாவுக்குச் சிக்னல்காரர் வேலை. கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் கூண்டுக்குள் இருப்பார். கீழே சரக்கு எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியாது. தரையில் நிற்கும் சிக்னல்காரரின் கைதான் அவருக்குக் கண். விரலைச் சுழற்றினால் ஏற்று. கையைத் தலைக்கு மேல் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினால் இறக்கு. முஷ்டியை மடக்கித் தூக்கினால் நிறுத்து. அந்த இரைச்சலில் வாய்க்கு வேலையே கிடையாது.

வாய்க்கு வேலையில்லாத பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் அப்பா விரலைச் சுழற்றுவார். அம்மா இன்னும் ஒரு கரண்டி வைப்பாள். முஷ்டியை மடக்கினால் போதும் என்று அர்த்தம். பிள்ளைகள் சண்டை போட்டால் அறை மூலையிலிருந்து ஒரு முஷ்டி உயரும். சண்டை அப்படியே நிற்கும். "உங்கப்பா என்னைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டதும் சிக்னல்லதான்," என்று அம்மா கேலி செய்வாள். அப்பாவுக்குக் காது சிவக்கும்.

எல்லாம் இடது கையால்தான். அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஆடி வந்த கொக்கி ஒன்று அப்பாவின் வலது தோளில் அடித்துவிட்டது. எலும்பு கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு அந்தக் கை மார்புக்கு மேல் எழும்பவே இல்லை. அம்மா அவருடைய பனியன்களை வலது தோளில் வெட்டி, இரண்டு அழுத்து பொத்தான் வைத்துத் தைத்தாள். காலையில் சட்டையின் வலது கையை மாட்டிவிடுவது மகளுடைய வேலை. ஸ்டூலில் ஏறி நின்று, "கையைக் குடுங்கப்பா," என்பாள். அப்பா வலியை மறைக்க ஏதாவது பாட்டை முணுமுணுப்பார். அவள் தையல்காரி ஆனது அந்த ஸ்டூலில்தான்.

தோள் போனது அலுவலகத்துக்குத் தெரியாது. தெரிந்தால் உடல்தகுதி இல்லை என்று சீட்டைக் கிழித்துவிடுவார்கள். துறையில் தெரிந்த ஒரே ஆள் கிரேன் பெரியப்பா. "கை எதுவா இருந்தா என்னய்யா? எனக்குப் புரிஞ்சா சரி," என்றார். ஆறு வருடம் அந்த இடது கையைப் பார்த்து ஓட்டினார். ஒரு கீறல் விழவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பாவின் வேலையைப் பறித்த விபத்துக்கு முந்தின மாலை கிரேன் பெரியப்பா இவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து புலம்பியது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பிரேக் வழுக்குதுய்யா. மூணு தடவை எழுதிக் குடுத்தாச்சு. கேக்க நாதியில்ல." பதினோரு வயதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதை இருவருமே கவனிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மரக்கட்டைக் கட்டு ஒன்று அந்தரத்தில் நின்றிருந்தபோது பிரேக் விட்டுவிட்டது. கீழே இருந்த சுமைகாரர் ஒருவருக்கு இரண்டு காலும் போயின. பத்தே நாளில் விசாரணை முடிந்தது. அப்பாவை நீக்கிய கடிதத்தில் இருந்த வரி அவளுக்கு மனப்பாடம்: 'சிக்னல் கொடுத்தவர் தமது வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, இறக்கு எனத் தவறாகக் காட்டியதே விபத்துக்குக் காரணம்.' வலது கையை! தலைக்கு மேல்! தூக்க முடியாத கையைத் தூக்கினாராம். சிக்னலை வலது கையால் காட்ட வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் இருந்திருக்கிறது, பார்த்து எழுதிவிட்டார்கள். துறைப் பக்கமே எட்டிப் பார்க்காத எவனோ எழுதிய பொய்க்குக் கீழே, நேரில் பார்த்த சாட்சியாகக் கிரேன் பெரியப்பா கையெழுத்துப் போட்டிருந்தார்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. தோளைப் பற்றிச் சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். சொன்னால் கூடவே, தெரிந்தும் மறைத்த கிரேன்காரரின் வேலையும் போகும். அதற்காகவே அந்த மனிதர் எல்லாவற்றையும் மென்று விழுங்கினார். யாருக்காக விழுங்கினாரோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றும்போது பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அப்பா அதற்குப் பிறகு மரம் அறுக்கும் பட்டறையில் காவல் இருந்தார். ஒன்பது வருடம். நடக்கும்போதும் நிற்கும்போதும் இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டே இருப்பார். சாப்பிடும்போது விரலைச் சுழற்றுவதில்லை, முஷ்டியை மடக்குவதில்லை. "போதும்," என்று வாயால் சொன்னார். முதல் தடவை அப்படிச் சொன்ன அன்று அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். ஒரு மனிதனிடமிருந்து வேலையைப் பிடுங்கலாம், வீட்டைப் பிடுங்கலாம். அவன் வீட்டுப் பேச்சையுமா பிடுங்குவார்கள்?

அப்பா போன பிறகு அவள் மூன்று கடிதம் எழுதினாள். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்று மூன்று பதில் வந்தது. கிரேன் பெரியப்பாவையே நேரில் போய்க் கேட்டாள். "எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்லம்மா," என்று கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

விழாவுக்குப் போகிறேன் என்றதும் தம்பி பதறினான். "வேணாங்க்கா. மேடையில போய்க் கத்தினா உன்னைத்தான் பைத்தியம்பாங்க."

"நான் எதுக்குடா கத்தப் போறேன்? அவரைக் கத்த வைக்கிறேன்."

தம்பிக்குப் புரியவில்லை. அவன் அப்போது சின்னப் பிள்ளை. லைன் வீட்டுச் சந்தில் கிரேன் விளையாட்டு விளையாடியது அவனுக்கு நினைவிருக்காது. ஒரு பிள்ளை கூரைமேல் உட்கார்ந்து கயிறு இழுக்கும். இன்னொன்று கீழே நின்று சைகை காட்டும். எந்தப் பிள்ளையாவது சைகையைத் தப்பாகக் காட்டினால் போச்சு. கிரேன் பெரியப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டு, எச்சில் கையோடு ஓடி வருவார். "அப்படிக் காட்டினா ஆள் செத்துருவான்!" அந்த மனிதருக்கு எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ள முடியும். தப்பான சிக்னலை மட்டும் முடியாது.

விழா கிடங்குக்குள் நடந்தது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மூட்டை தூக்கியவர்கள் மயங்கி விழுந்த அதே இடத்தில் மெத்தை நாற்காலிகள். முதல் வரிசையில் கிரேன் பெரியப்பா, மூக்கு வரை பொன்னாடையோடு. பக்கத்தில் அலுவலகத்துப் பெரிய அதிகாரி. பேசியவர்கள் எல்லோரும் கடற்காற்றைப் பற்றியே பேசினார்கள்.

தையலக்கா ஒலிவாங்கியைப் பிடித்தாள். முதலில் துணியின் நிறங்களைச் சொன்னாள்; காது மடல் கதையைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். மனம் இளகியதோ என்னவோ, அதிகாரி கைதட்டினார்.

"எங்கப்பா சிக்னல்காரர். எப்படிக் காட்டுவார்னு செஞ்சு காட்டறேன்." வலது கையை நீட்டி விரலைச் சுழற்றினாள். "இது, ஏத்து."

முதல் வரிசையில் பொன்னாடை அசைந்தது.

வலது முஷ்டியை மடக்கினாள். "இது, நிறுத்து." கிரேன் பெரியப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தலை இல்லை, இல்லை என்று ஆடிக்கொண்டிருந்தது. தையலக்கா அவரைப் பார்க்காதவள் மாதிரி வலது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினாள். "அப்புறம் இப்படித் தூக்கி—"

"அது இல்ல பாப்பா!" கிழவர் எழுந்தே நின்றுவிட்டார். "இடது கை! உங்கப்பன் காட்டறது இடது கையில! அவனாலதான் வலது கையத் தூக்கவே முடியாதே! ஆறு வருஷம் பாத்தவன் சொல்றேன்!"

கூட்டம் சிரித்தது. பழைய தொழிலாளியின் ஞாபகசக்தியைப் பாராட்டி இரண்டு பேர் கைதட்டவும் செய்தார்கள். தையலக்கா கையைக் கீழே இறக்கி, ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். அந்த ஒரே வரியைப் படித்தாள். 'தமது வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தாள். "கீழே சாட்சிக் கையெழுத்து இருக்கு. உங்க கையெழுத்துதானே பெரியப்பா?"

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அதிகாரி எழுந்தார். "அம்மா, நேரம் ஆயிடுச்சு. அடுத்தவங்க காத்திருக்காங்க." ஒலிவாங்கியை நிறுத்தச் சொல்லி அந்த இளம்பெண்ணுக்குக் கண்ணைக் காட்டினார்.

"அஞ்சு நிமிஷம்னு சொல்லித்தானே கூப்பிட்டீங்க? இன்னும் ஒன்னரை நிமிஷம் இருக்கு," என்றாள் தையலக்கா. இளம்பெண் சுவிட்சுப் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல பெண்.

கிழவர் உட்காரவும் இல்லை, நிற்கவும் முடியவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு நாலு புள்ளைங்க பாப்பா. கையெழுத்துப் போடலேன்னா என் சீட்டையும் கிழிச்சிருப்பாங்க."

"எங்கப்பாவுக்கு ரெண்டு புள்ளைங்க," என்றாள் அவள். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டாள். "பிரேக் வழுக்குதுன்னு எங்க வாசல்ல உக்காந்து நீங்க சொன்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். உங்க வேலையைக் காப்பாத்தத்தான் அவர் வாயையே திறக்கல. ஒன்னே ஒன்னு கேக்கறேன். அன்னிக்கு அவர் என்ன காட்டினார்?"

கிழவர் நாற்காலி முதுகை விட்டு நிமிர்ந்தார். பொன்னாடை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. இடது கையை மெல்ல எடுத்தார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. முஷ்டி தலைக்கு மேலே போய் நின்றது.

நிறுத்து. போதும். லைன் வீட்டு அறையில், சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே அவள் கடைசியாகப் பார்த்த அதே முஷ்டி.

வயதான கை நடுங்க ஆரம்பித்தது. கிழவரின் கண் மேடையிலேயே இருந்தது. அடுத்த சிக்னல் வராமல் கிரேன்காரர் அசையமாட்டார். தையலக்கா அந்த முஷ்டியை எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்றாள். இறக்கச் சொல்ல அவள் அவசரப்படவில்லை.