ஸல்ஹாவின் காதும் பஸ்மியாவின் தொண்டையும்

கிண்ணியாவில் தையல் வேலை செய்யும் பஸ்மியாவின் குரல் பக்கத்து ஒழுங்கையின் கடைசி வீடு வரை கேட்கும். பிறவியிலேயே அப்படியில்லை. ஒரே மகள் ஸல்ஹா, நான்கு வயதில், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையாக மாறிய பிறகு வந்த குரல் அது. சோறு தின்னக் கூப்பிட்டால் சுவரோடு கதைத்தது போலிருக்கும்.

"உங்கட குடும்பத்துப் பிடிவாதம்," என்பாள் பஸ்மியா. ஆட்டோ ஓட்டும் கணவன் ஜெமீல் அதை மறுப்பதில்லை. பிடிவாதத்துக்குப் பேர்போன தன் வாப்பாவை நினைத்துக்கொள்வான்.

பாலர் பாடசாலை ஆசிரியைதான், "பிள்ளைக்குக் கேக்கிறது குறைவோ தெரியா, ஒருக்காக் காட்டுங்க," என்றார். திருகோணமலையில் காது டொக்டர் பார்த்தார். இரண்டு செவிப்பறைகளுக்கும் பின்னால் பசை போல நீர் தேங்கியிருந்தது. அதை எடுத்துவிட்டு, அரிசி மணியிலும் சிறிய குழாய்களைச் செவிப்பறைகளில் பொருத்தி விட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது, கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் ஸல்ஹா காதுகளைப் பொத்தினாள்.

"வாப்பா, ஆட்டோ ஏன் இப்பிடிக் கத்துது?"

"அது எப்பவும் இப்பிடித்தான் மகள்."

"தண்ணி குடிக்கிறியா புள்ள?" என்று கேட்டாள் பஸ்மியா.

ஸல்ஹாவின் உதடு பிதுங்கியது. "ஏன் உம்மா ஏசுறீங்க?"

அன்றிலிருந்து பஸ்மியா மெதுவாகக் கதைக்கப் பழகினாள். சட்டை தைக்கக் கொடுக்க வந்த பெண்கள், காய்ச்சலா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

காது விஷயம் இதோடு முடிந்தது என்றே அவள் நினைத்திருந்தாள். மாரி தொடங்கியதும் ஸல்ஹாவுக்கு மூக்கொழுகத் தடிமன் பிடித்தது. ஒரு காலையில் தலையணையில் மஞ்சளாய் ஈரம். வலது காது ஒழுகியது. பக்கத்து வீட்டு ரிஸ்னா, உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு வந்துவிட்டாள்.

"ரெண்டு சொட்டு விட்டாக் காணும்."

பஸ்மியா கையை நீட்டியும்விட்டாள். ஆனால் ஸல்ஹா கதிரைக்குப் பின்னால் ஓடி நின்று, "என்ட காது என்ன, பொரிக்கிற சட்டியா?" என்றாள். ரிஸ்னாவுக்கே சிரிப்புப் பொறுக்கவில்லை. எண்ணெய் பாதி நிலத்தில் போனது.

அன்றே கிளினிக்குக்குப் போனார்கள். "குழாய் போட்ட பிறகும் ஏன் டொக்டர் இப்பிடி?" பஸ்மியாவுக்கு அழுகை முட்டியது.

"குழாய் போட்டா கிருமியே வராதெண்டு இல்லை. வந்தா, உள்ளுக்குத் தேங்காம வெளிய வர வழி விடும். இப்ப அதைத்தான் செய்யுது. எண்ணெய் கிண்ணெய் வேணாம், இந்தச் சொட்டு மருந்தை விடுங்க."

மருந்து விட ஸல்ஹா ஒரு நிபந்தனை போட்டாள்: வாப்பாவும் பக்கத்தில் சரிந்து படுக்க வேண்டும். பஸ்மியா சொட்டு விட்டு, காதுத் துவாரத்துக்கு முன்னாலிருக்கும் சின்ன மேட்டை மெல்ல அமத்துவாள். மருந்து இறங்கும்வரை மகள் அசைய மாட்டாள். ஜெமீல் குறட்டை விடுவான். வாசலில் மீன் கூடையோடு ஆட்டோவில் ஏறி இருப்பவர் பொறுமையிழந்து ஹோர்ன் அடிப்பார்.

ஒழுகல் நின்றது. அடுத்த தடிமனோடு திரும்பி வந்தது, திரும்பவும் நின்றது. பிறகு வலது குழாய் தானாகவே கழன்று விழுந்தது. பஸ்மியாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த ஸல்ஹா எழும்பிப் போன பின், துணியில் கிடந்ததை ஏதோ மணி என்று நினைத்து, ஒரு மணப்பெண்ணின் சட்டைக்கு ஊசியில் கோர்த்தும்விட்டாள் பஸ்மியா. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் அலறினாள். பழைய குரலில்.

கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்த்தார்கள். வலது காதில் நீர் மறுபடியும் தேங்கியது. இன்னொரு குழாய் போட்டு, மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருக்கும் தசையையும் எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். பஸ்மியா வழியெல்லாம் அழுதாள்.

"மத்தப் புள்ளையளுக்கு ஒருக்காப் போட்டாச் சரி. எங்கட புள்ளைக்கு மட்டும் ஏன் இப்பிடி?"

"ஆட்டோவுக்கு நான் ஒருக்காத்தான் டயர் மாத்திறனா?" என்றான் ஜெமீல்.

பஸ்மியா முந்தானையைச் சுருட்டி அவன் முதுகில் அடித்தாள். அடித்துவிட்டுச் சிரித்தாள்.

இரண்டாவது குழாய்க்குப் பிறகு கேள்திறனைச் சோதித்தார்கள். கண்ணாடி அறைக்குள் ஸல்ஹா காதில் பெரிய கருவியோடு இருந்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையைக் கூடையில் போட வேண்டும். அவள் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினாள்.

"நான் இன்னும் சத்தமே போடல்லையே!" என்றார் சோதிப்பவர்.

"எப்பிடியும் போடுவீங்கதானே?"

மறுபடி தொடங்கினார்கள். வெளியே நின்ற பஸ்மியாவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மகளின் கை உயர்வதையும் கட்டை விழுவதையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காதின் முறை வந்தபோது கை கொஞ்சம் தயங்கியது. கட்டை விழுந்தது.

"இடது காது நல்லம். வலது கொஞ்சம் குறைவு, கூடிவரும்," என்றார் டொக்டர். "முதலாம் வகுப்பில முன் வரிசை வாங்கில இருத்தச் சொல்லுங்க."

"முன் வாங்கில இருந்தாக் கதைக்க ஏலாதே," என்றாள் ஸல்ஹா.

இப்போது அவள் முன் வாங்கில்தான் இருக்கிறாள். கதைக்கிறாள் என்றுதான் பாடசாலையிலிருந்து முறைப்பாடு வருகிறது.