ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு ஜோடிச் செருப்பு

போன ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு வீட்டில் பழைய ஃபியூஸ் பலகையைக் கழற்றினோம். சுவரை விட்டு அது அசைந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள்: தீய்ந்த மரம், கரப்பான், எல்லாவற்றுக்கும் மேலே கடல் உப்பு. மற்றவர்களுக்கு அப்பாவின் நினைவு விபூதியிலோ பீடியிலோ வருமாம். எனக்குக் கருகிய பலகையில் வந்தது, என்ன செய்ய.

எங்கள் நைனா விசைப்படகு டிரைவர். கரையில் இருக்கும் நாட்களில் அந்தப் பலகைக்கும் அவர்தான் டிரைவர். ஃபியூஸ் போனால் பீங்கான் கட்டையைப் பிடுங்கி, பழைய ஒயரிலிருந்து செம்பு நரம்பை உருவி, கொத்தாக முறுக்கிக் கட்டுவார். "இனிமே ஜென்மத்துக்கும் போவாது" என்பார். போகவும் இல்லை. பலகைதான் கருகியது.

அவருடைய இன்னொரு பெருமை, கப்பலிலிருந்து இறங்கி ஏலத்துக்கு வந்த ஒரு ஃபிரிட்ஜ். இரும்புக் கதவு, இரும்புக் கைப்பிடி, பீரோ கனம். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றவள். விற்காமல் மிஞ்சிய வஞ்சிரத்துக்கு அது அரண்மனை. ஆனால் தொட்டால் சுரீர் என்று அடிக்கும். "உப்புக் காத்துக்கு இரும்பு அப்டித்தாம்மே அடிக்கும்" என்று நைனா தீர்ப்பு சொன்னார், தெருவே தலையாட்டியது. எங்கள் பக்கம் சைக்கிள் துருப்பிடித்தாலும் உப்புக் காற்று, மாப்பிள்ளைக்கு முடி கொட்டினாலும் உப்புக் காற்று.

ஒருநாள் மீன் கழுவிய ஈரக் கையோடு கைப்பிடியைப் பிடித்த அம்மா, விடவே இல்லை. விட முடியவில்லை. நைனா தான் உட்கார்ந்திருந்த மர மணையைத் தூக்கி அவள் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். கை வீங்கியது, உயிர் தப்பியது. அன்றைக்கு அவர் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

மறுநாளே ஃபிரிட்ஜுக்கு முன்னால் நீல வார் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வந்து உட்கார்ந்தது. யார் கதவுப் பக்கம் போனாலும் வீட்டில் இருக்கிறவர்கள் "செருப்பு!" என்று கத்த வேண்டும். அதுதான் சட்டம். என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் எடுக்கப் போனபோதும் நைனா அதே குரலைக் கொடுத்தார். கல்யாணம் எப்படி நடந்தது என்பது எனக்கே இன்றுவரை ஆச்சரியம்தான். பிறகு என் மாமியாரும் எங்களோடு சேர்ந்து கத்தப் பழகிவிட்டார்.

நைனா காலமான பிறகும் அது நிற்கவில்லை. நானும் தம்பி சேகரும் அவர் குரலிலேயே கத்தினோம்.

இப்போது அம்மாவுக்கு மறதி. மத்தியானம் சாப்பிட்டதே நினைவில்லை, செருப்பு எங்கே நினைவிருக்கப் போகிறது? சேகர் வேலைக்குப் போய்விட்டால் கத்தவும் ஆளில்லை. போன மாதம் நான் உள்ளே நுழைகிறேன், அம்மா வெறுங்காலோடு, கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஃபிரிட்ஜை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். பாய்ந்து பிடித்தேன். சேகர் வரும்வரை அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் திருவொற்றியூரில் ஒரு எலக்ட்ரிக் கடையில் பில் போட்டவள் நான். ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. அதற்கு ஆர்சிசிபி என்கிற ஸ்விட்ச் வேண்டும் என்று எனக்குத் தெரியும். போன கரண்டு போன வழியே திரும்பாமல் ஒரு உடம்பு வழியாக இறங்கினால், கண் இமைக்கும் முன்னால் அணைத்துவிடும். அதை மாட்டத்தான் போன ஞாயிறு எலக்ட்ரீஷியன் பாபுவை வரவழைத்தேன். கொல்லையில் எர்த் குழி தோண்டி, பழைய பலகை இருந்த இடத்தில் புதுப் பெட்டி மாட்டி, ஸ்விட்சைத் தூக்கினான். டக்கென்று விழுந்தது. மறுபடி தூக்கினான், மறுபடி டக்.

"இன்னாக்கா, ஒரே பேஜாரா கீது. இத்த வுட்டுட்டு நேரா குடுத்துடவா?" என்றான் பாபு.

"டுபாக்கூர் மாலுக்கா, தூக்கிக் கடாசு" என்றான் சேகர்.

"டேய், அது ஒயுங்காத்தான் கீது. எங்கியோ கரண்டு லீக் ஆவுது, அத்தக் காட்டிக் குடுக்குது. ஒவ்வொண்ணா புடுங்கிப் பாருங்கடா!" என்றேன். கடையில் கற்ற தெனாவட்டு, என்னை விட்டு எங்கே போகும்?

மிக்ஸி, டிவி, மோட்டார் எதிலும் பிரச்சினை இல்லை. ஃபிரிட்ஜைப் பிடுங்கியதும் ஸ்விட்ச் அசையாமல் நின்றது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று சேகர் ஆரம்பித்ததுமே அம்மா எழுந்து வந்துவிட்டாள். "உங்க நைனா வாங்கினதுடா. என்னியும் சேத்து எடைக்குப் போடு" என்றாள்.

பாபு பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு ஒயர், தோல் உரிந்து இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். உப்புக் காற்றாம்! எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. நைனா இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஒயரை மாற்றி, ஃபிரிட்ஜைச் சொருகி, ஸ்விட்சைத் தூக்கினான். விழவில்லை. பாபு கதவைத் தட்டித் தடவிக் காட்டினான், பிறகு நானும் தொட்டேன். வெறும் சில்லென்ற இரும்பு. சேகர் செருப்பை எடுத்துக் குப்பையில் போட்டான்.

சாயங்காலம் பாத்திரம் கழுவிவிட்டு அம்மா ஈரக் கையோடு, வெறுங்காலோடு ஃபிரிட்ஜிடம் போனாள். நானும் சேகரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். கைப்பிடிக்குப் பக்கத்தில் அவள் கை நின்றது. திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"இன்னாடி, ஒருத்தரும் கத்தல?"

"இனிமே வேணாம்மா. தொடு" என்றேன்.

தொட்டாள். கதவைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். அந்த வீட்டில் நைனாவின் குரலுக்கு மிச்சமிருந்த கடைசி வேலையும் அதோடு போய்விட்டது.