மாதேஸ்வரி கடைந்த வளையம்

மாதேஸ்வரி இறந்துவிட்டதாக நம் புகைப்படக் குழுவின் வாட்ஸப்பில் செய்தி வந்தபோது நான் மாணவர்களின் செய்முறைக் குறிப்பேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கன்னடத்தில் இரண்டு வரி. அதற்கு மேலே யாரோ விற்பனைக்குப் போட்டிருந்த ஒரு லென்ஸின் படம். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நான் நம்பவில்லை. அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். கணவர் எடுத்தார். "ஆமாங்க மேடம். நேத்து சாயங்காலம். வேலை முடிஞ்சு வந்தா, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுன்னு உக்காந்தா. அவ்வளவுதானுங்க." எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸை இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்ட இடையில் ஓர் உலோக வளையம் வேண்டும். கடைகளில் கிடைப்பவை ஏறக்குறையப் பொருந்தும். மாதேஸ்வரி கடைந்து தருபவை பொருந்தும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரத்தில் பிறந்தவர். நம் நகரின் ஹெப்பாள் பகுதியில் ஒரு கருவித் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் வேலை. வீட்டின் பின்னறையில் உலோகம் கடையும் சிறிய லேத் ஒன்று வைத்திருந்தார். நம் குழுவில் பலருடைய கேமராவில் இன்றும் அவர் கைவேலை இருக்கிறது.

அவரை நான் முதலில் பார்த்தது தேவராஜ மொஹல்லாவில், பழைய கேமராக்கள் விற்கும் ஒரு கடையில். புல்லின் பூக்களைப் படமெடுக்க மலிவான லென்ஸ் ஒன்று தேடிப் போய், ஒன்றைக் கையில் எடுத்திருந்தேன். பக்கத்தில் நின்ற பெண்மணி, கையில் அளவு பார்க்கும் வெர்னியர் காலிப்பருடன், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, ஆசைக்கு வாங்கறீங்களா, வேலைக்கா?"

"வேலைக்கு."

"அப்ப அதை எடுத்த எடத்துலயே வெச்சிருங்க. உள்ள பூஞ்சை புடிச்சிருக்குது."

தாவரவியல் ஆசிரியையான எனக்குப் பூஞ்சையைப் பற்றி ஒருவர் கடையில் நின்று பாடம் எடுத்தது பிடிக்கவில்லை. பையிலிருந்த உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய வெண்ணிற இழைகள் கிளைத்திருந்தன. "ஹௌதா?" என்றார். தமிழில் பேசிக்கொண்டிருந்தாலும் ஒன்றை உறுதி செய்துகொள்ளும்போது மட்டும் அவருக்குக் கன்னடம்தான் வரும். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன்.

பழைய லென்ஸ்களுக்கு ஓர் உயிர் உண்டு, புதியவற்றில் அது இல்லை என்று நம் குழுவில் அடிக்கடிப் பேச்சு வரும். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டிலும் எடுத்த படங்களைக் கலந்து வைத்து, எது எதுவென்று சொல்லச் சொன்னேன். பலரும் தவறினார்கள், சிலர் கோபித்துக்கொண்டார்கள். மாதேஸ்வரி படங்களைப் பார்க்கவே இல்லை. "படம் எப்படி வேணா இருக்கட்டுமுங்க. லென்ஸு சரியா உக்காருதா, அதான் நம்ம வேலை" என்றார். அவர் எடுத்த படங்கள் எல்லாமே ஒரே படம்தான். மாடியிலிருந்து தூரத்தில் தெரியும் தண்ணீர்த் தொட்டி. அதன் ஏணிப் படிகள் தனித்தனியாகத் தெரிந்தால் வளையம் சரி. "என்னக்கா, தொட்டிக்குக் கல்யாண ஆல்பமா?" என்று கேலி செய்தவரிடம், "ஆமா, உங்களை மாதிரி அது அசையாது பாருங்க" என்றார்.

பின்னர் நான் வாங்கிய வேறொரு பழைய லென்ஸுக்கு அவர் கடைந்த வளையத்தைப் பற்றித்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். லென்ஸைத் தூரத்துக்குத் திருப்பும்போது அதன் பின்பகுதி கேமராவுக்குள் நகரும். உள்ளே, படமெடுக்கும்போது மேலெழுந்து இறங்கும் ஒரு கண்ணாடி இருக்கிறது. பழைய லென்ஸ் சில நேரம் அதில் இடிக்கும். வளையத்தைக் கொடுக்கும்போதே சொன்னார்: "கிட்டத்துல மட்டும் எடுங்க மேடம். தூரத்துக்கு நான் இன்னும் பாக்கலை. கடைசி வரைக்கும் திருப்பிராதீங்க." மறுநாள் சாமுண்டி மலையில் புற்களை எடுத்து முடித்தபின், கீழே நகரம் தெளிவாகத் தெரிந்தது. கடைசி வரை திருப்பிப் படமெடுத்தேன். ஒரு சிறு சத்தம். நான் கொண்டுபோயிருந்தது கல்லூரியில் எங்கள் துறையின் கேமரா; அதன் உள்கண்ணாடியின் முனை உடைந்திருந்தது.

லென்ஸையும் வளையத்தையும் மாதேஸ்வரியிடம் கொண்டுபோனேன். "கடைசி வரைக்கும் திருப்புனீங்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் நல்ல விளக்கம் இல்லை. துறையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வளையத்தில் பிழை என்றால் சுலபமாக இருந்தது.

அவர் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். தம் காலிப்பரைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்தார். அதில் குறையில்லை. அப்படியென்றால் குறை தம் கையில் என்று முடிவுசெய்தார். அதற்குமுன் வளையம் வாங்கிய நால்வரிடமிருந்து அவற்றைத் திரும்ப வாங்கினார். லேத்துக்கு உறை போட்டு மூடினார். ஒரு மாதம் கழித்து நான் போனபோது என் வளையத்தை எட்டு இடங்களில் அளந்து தாளில் எழுதி வைத்திருந்தார். "எங்க தப்புனே தெரியலைங்க. கண்ணு போயிருச்சோ என்னமோ" என்றார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.

அவர் அந்தத் தாளை மடித்து வைத்தார். பிறகு, "அளவைப் பத்திப் பசங்களுக்குப் பாடம் எடுக்கறவங்க நீங்க" என்றார். "என்கிட்டச் சொல்லி என்னாகுது? வளையத்தைத் திருப்பிக் குடுத்தாங்களே நாலு பேரு, அவங்ககிட்டச் சொல்லுங்க."

அன்றே குழுவில் எழுதினேன். வளையத்தின் அளவில் பிழையில்லை, பயன்படுத்தியதில் தவறு நேர்ந்துவிட்டது என்று. உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நால்வரும் வளையங்களைத் திரும்ப எடுத்துப் போனார்கள். லேத் மீண்டும் ஓடியது. மாதேஸ்வரி மட்டும் தொலைபேசியில் கேட்டார்: "யாரு பண்ணுனதுன்னு அதுல இல்லையே மேடம்?" வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்றேன். "சரி, விடுங்க" என்று வைத்துவிட்டார். அதன்பின் பல மாதங்கள் அவர் என்னை அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை.

ஒரு நாள் அவருடைய கணவர் கல்லூரி வாசலில் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று நான் அவர் வீட்டிலேயே விட்டு வந்த என் லென்ஸும் வளையமும் உள்ளே இருந்தன. லென்ஸின் கழுத்தில் புதிதாக ஒரு சின்னத் திருகு. கடைசி வரை திருப்ப முடியாதபடி அது தடுத்தது. நான் உடனே அழைத்தேன்.

"இனி நீங்களே நெனச்சாலும் முடியாது" என்றார்.

"கோபம் போய்விட்டதா?"

"அதெங்க போகுது, இருக்குதுங்க. உங்க புல்லுப் பூவு என்ன ஆச்சு? எடுத்தீங்களா இல்லையா?"

அவர் என்னை மன்னித்தாரா என்பது எனக்குத் தெரியாது. நான் மறுபடியும் திருப்புவேன் என்றே நினைத்தார். அப்படி நினைத்துக்கொண்டே எனக்கு வேண்டியதைச் செய்து கொடுத்தார். நம்பிக்கை வந்தால்தான் ஒருவருக்கு உதவ முடியும் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

கண்ணாடியை உடைத்தது நான். கேட்டபோது இல்லை என்று சொன்னதும் நான்தான். மாதேஸ்வரியின் கையிலோ கண்ணிலோ ஒரு நாளும் குறை இருந்ததில்லை. இதை அவர் உயிரோடு இருந்து படிக்கக்கூடிய காலத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த லென்ஸ். புற்களின் பூக்கள் அதில் மகரந்தம் வரை துல்லியமாகத் தெரிகின்றன. மலையும் நகரமும் கலங்கலாகத்தான் இருக்கும். சின்ன ஸ்க்ரூடிரைவர் போதும், ஒரு நிமிட வேலை. திருகை நான் கழற்றப்போவதில்லை.